காலை அளக்காத கடையில் காலுறை வாங்காதீர்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கே: ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதால் டாக்டர் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் மருத்துவக் காலுறை) எழுதிக் கொடுத்தார். சர்ஜிக்கல் கடையில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘எல் சைஸ்’ கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் சுருண்டு முழங்காலுக்குக் கீழே இறுக்குகிறது. 1,800 ரூபாய் வீணா? - கோவை

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த விஷயத்தில் சர்ஜிக்கல் கடைக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். செருப்புக்குக்கூட காலை நுழைத்துப் பார்க்கச் சொல்கிறோம். மருத்துவக் காலுறையை ஆளின் உயரத்தைப் பார்த்து விற்கிறார்கள்.

இந்தக் காலுறையில் கணுக்காலில்தான் அழுத்தம் அதிகம். மேலே போகப் போகக் குறையும். கீழே தேங்கும் ரத்தம் மேலே ஏறுவது அதனால்தான். அளவு தவறினால் விளிம்பு சுருண்டு, மடிப்பு மடிப்பாக ஒரே இடத்தில் அழுத்தி, ஏற வேண்டிய ரத்தத்தையே தடுக்கும்.

காலையில் எழுந்ததும், வீக்கம் வருவதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிக ஒல்லியான இடத்தில் ஒரு சுற்று. கெண்டைக்கால் மிகப் பருத்த இடத்தில் ஒரு சுற்று. அப்புறம் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். பெட்டியில் உள்ள அட்டவணையோடு இந்த மூன்றையும் ஒப்பிட வேண்டும். 15-20, 20-30, 30-40 எம்எம்ஹெச்ஜி (ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகு) என்று அழுத்தத்தின் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். டாக்டர் சீட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். எனக்கு ஒரு கடையில் விற்ற ஜோடியில் ‘மெடிக்கல் கிரேடு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது, எண் இல்லை. கொஞ்ச நாள் துவைத்ததும் தொளதொளத்துப் போனது.

பில்லோடும் சீட்டோடும் போய், அளவெடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அடியுங்கள். இன்னொன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. நாற்காலியையும் கேளுங்கள்.

கே: கெண்டைக்காலை இறுக்கும் ஸ்லீவ் (பாதம் இல்லாத உறை) போட்டால் மாரத்தானில் வேகம் கூடுமா? - சென்னை

ப: கூடும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். ஓடி முடித்த மறுநாள் வலி சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

கே: செம்பு இழை நெய்த முழங்கால் உறை மூட்டுவலியைப் போக்கும் என்று விளம்பரம். அம்மாவுக்கு 2,499 ரூபாய்க்கு வாங்கலாமா? - மதுரை

ப: வேண்டாம். இதே மாதிரி வாக்குறுதி கொடுத்து விற்ற ‘டாமி காப்பர்’ நிறுவனம், அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் 2015-ல் 13.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சாதாரண உறையே முழங்காலுக்குக் கதகதப்பும் பிடிமானமும் தரும். மிச்சப் பணத்தில் அம்மாவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கே: அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. கால் எரிச்சலுக்கு நானே ஆன்லைனில் 30-40 அழுத்தக் காலுறை வாங்கிப் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக விரல்கள் ஜில்லென்று இருக்கின்றன. வேறு பிராண்ட் சொல்லுங்கள். - சேலம்

ப: பிராண்டா கேட்கிறீர்கள்? படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கழற்றுங்கள். இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயே அடைத்திருக்கலாம்; அதன்மேல் இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் காலுக்கே ஆபத்து. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் அடைப்பு இருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல், ஆன்லைன் மதிப்பீட்டு நட்சத்திரங்களை எண்ணி, அதுவும் இவ்வளவு இறுக்கமானதை எப்படி வாங்க மனசு வந்தது?

கே: காலுறை வாங்கிப் பத்தாம் நாள் குதிகால் தையல் விட்டுவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லைக் காட்டி விரட்டுகிறார்கள். - திருச்சி

ப: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். தையல் விட்ட இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தயாரித்தவர் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும்.