பென்டிரைவ் வந்துபோகும் கடைக்கு எந்த அன்டிவைரஸ்?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு அருகே போட்டோகொப்பி, தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மாணவர்களின் பென்டிரைவ்கள் என் கணினியில் ஏறி இறங்குகின்றன. "நடத்தையைக் கண்காணித்து வைரஸைப் பிடிக்கும்" என்று சொல்லி, ஓர் அன்டிவைரஸுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார் விற்பனையாளர். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் போதாதா? நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: விற்பனையாளர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பெயர்பெற்ற அன்டிவைரஸ்கள் எல்லாவற்றிலும் இன்று நடத்தைக் கண்காணிப்பு, அதாவது ஓடும் நிரல் என்னென்ன செய்கிறது என்று கவனிக்கும் வசதி, இருக்கிறது, டிஃபெண்டரிலும் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் கடையின் நிலைமையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்களிடம் அடிக்கடி வரக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பென்டிரைவைத் திறந்தால் 'அசைன்மென்ட்' என்று ஒரு கோப்புறை தெரியும். உற்றுப் பார்த்தால் அதன் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருக்கும். அது வெறும் குறுக்குவழி. சொடுக்கியதும் விண்டோஸின் சொந்த ஸ்கிரிப்ட் கருவியை அழைத்து, மறைத்து வைத்த கோப்பொன்றை இயக்கும். அந்தக் கோப்பு தன்னைக் கணினியில் நகலெடுத்து, கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கும்படி பதிந்துகொள்ளும். பிறகு மாணவரின் உண்மையான கோப்புறையையும் திறந்து காட்டிவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. இவற்றில் எந்தச் செயலும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. நல்ல மென்பொருள்களும் ஸ்கிரிப்டை இயக்கும், தொடக்கப் பட்டியலில் சேரும். ஏற்கெனவே தெரிந்த வைரஸின் அடையாளத்தைத் தேடும் பழைய முறையை, ஸ்கிரிப்டில் சில வரிகளை மாற்றியே ஏமாற்றிவிடலாம். நடத்தைக் கண்காணிப்போ இந்தச் செயல்களை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டு, சந்தேகம் எல்லை தாண்டும்போது நிறுத்துகிறது.

நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் இது நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால், நிறுத்துவதற்குள் சில கோப்புகள் போயிருக்கலாம். அவற்றை மீட்டுத் தரும் வசதி உண்டா என்று விற்பனையாளரைக் கேளுங்கள். சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பாமினி விசைப்பலகையில் யூனிகோடு தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்கள் பல, நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத்தான் தமிழாக மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் நிரலும் அதையேதான் செய்கிறது! அன்டிவைரஸ் இதை அதுவென்று நினைத்துத் தடுத்துவிடலாம். எனவே இலவசச் சோதனைக் காலத்தில் அன்டிவைரஸைச் சும்மா நிறுவிவைத்துப் பயனில்லை. தட்டச்சு, பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர், பிரிண்டர் எல்லாவற்றையும் வழக்கம்போல ஓடவிட்டு, எதைத் தவறாகத் தடுக்கிறது, எத்தனை தடவை உங்களிடம் அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். கடையில் நிற்கும் தம்பி அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' கொடுத்துவிட்டால் காவல் இருந்தும் பயனில்லை.

சோதனைக்காக இணையத்திலிருந்து உண்மையான வைரஸை இறக்காதீர்கள். 'ஐகார்' என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு தீங்கற்றது. ஆனால் அன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. அதைப் பிடித்துவிட்டது என்று நடத்தைக் கண்காணிப்புக்கு மதிப்பெண் போடுவது தவறு. ரான்சம்வேர் போல நடிக்கும் சோதனைக் கருவிகளிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. தானே உருவாக்கிய கோப்பைத் தானே பூட்டும் கருவியை ஒரு நல்ல அன்டிவைரஸ் கண்டுகொள்ளாமல் விட்டால் அதில் பிழையில்லை.

ஆழமான சோதனையை ஆய்வுக்கூடங்களுக்கு விடுங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் 18 புள்ளிக்கு மதிப்பிடுகிறது; பல மென்பொருள்கள் முழுப் புள்ளியை ஒட்டியே நிற்பதால் தேர்ந்தெடுக்க அது அதிகம் உதவாது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் அறிக்கைகள் உங்களுக்குப் பொருத்தம். மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) பாதுகாப்புச் சோதனையில், இணையம் இல்லாதபோது எவ்வளவு கண்டுபிடித்தது என்பதைத் தனியாகத் தருகிறார்கள். இணைப்பு அறுந்து கிடக்கும் வேளையிலும் பென்டிரைவ் வரத்தானே செய்யும்? டிஃபெண்டர், இணையம் வழியே எட்டும் மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிகளின் உதவியை நிறைய நம்புவது. இந்த இடத்தில்தான் அது சறுக்குவதுண்டு. தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் அங்கேயே பாருங்கள்.

என் தீர்ப்பு இது. இணைப்பு ஓரளவு சீராக இருந்தால் டிஃபெண்டர் போதும். அதில் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' என்ற வசதி இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்குங்கள். அறியாத நிரல்கள் உங்கள் ஆவணங்களில் கைவைப்பதை அது தடுக்கும். பேஜ்மேக்கர் முறையிட்டால் அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம். வேறு அன்டிவைரஸ் நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், இந்த வசதியும் கூடவே போய்விடும். சந்தாப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாடிக்கையாளர்களின் வேலைகளை நகலெடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். இணைப்பு அடிக்கடி அறுந்தால், இணையமின்றியும் நன்றாகப் பிடிக்கும் ஒன்றுக்குச் சந்தா கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

விண்டோஸைத் திருட்டுத்தனமாக இயக்கும் கருவிக்காக அன்டிவைரஸை அணைத்து வைத்திருந்தால், மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. விண்டோஸ் 10 வைத்திருந்தால், அதன் வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இவற்றில் எதுவாயினும், முதல் செலவை விண்டோஸைச் சரிசெய்வதில் செய்யுங்கள்.