தீர்ந்ததா, வற்றியதா?

மதிப்பிற்குரிய ஐயா,

சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'டிப்ளீட்டட்' என்ற ஒரு சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நிலத்தடி நீர், மண், மீன்வளம், ஓசோன் படலம், யுரேனியம் என எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். நானும் எல்லா இடத்திலும் 'தீர்ந்துபோன' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், "தீர்ந்துபோனது என்றால் சொட்டுகூட மிச்சமில்லை என்றல்லவா பொருள்? நீர் இன்னும் இருக்கிறதே" என்றார். 'குறைந்துபோன' என்று மாற்றினேன். இப்போது படித்தால் ஏதோ சிறிய சங்கதி போலத் தோன்றுகிறது. இதற்குத் தமிழில் பொருத்தமான ஒரே சொல் உண்டா? வீட்டில் பேசும் சொற்களையே போட்டால் அறிக்கையின் தரம் குறைந்துவிடுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. 'குறைந்துபோன' என்பதில் கனம் இல்லை என்று நீங்கள் உணர்ந்ததும் சரி. ஒரே சொல்லைத் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஊறி வருவதைவிட வேகமாக எடுத்ததால் இருப்பு தாழ்ந்துவிட்டது என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். எது தாழ்ந்தது, எப்படித் தாழ்ந்தது, மறுபடி வருமா என்பதையெல்லாம் அது வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. தமிழ் அப்படி விடுவதில்லை. நீருக்கு ஒரு வினை, மண்ணுக்கு ஒரு வினை, சேமிப்புக்கு ஒரு வினை என்று வைத்திருக்கிறது. கிணறு வற்றும், சேமிப்பு கரையும், செருப்பு தேயும், உடல் மெலியும், வளம் குன்றும், உயிரினம் அருகும். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் காதுக்கே உறுத்தும்.

'தீர்' என்ற வினையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பணம் தீர்ந்தது, எரிவாயு தீர்ந்தது, விடுப்பு தீர்ந்தது என்கிறோம். கடன் தீர்ந்தது, நோய் தீர்ந்தது, பகை தீர்ந்தது என்றும் சொல்கிறோம். முதல் வரிசையில் இழப்பு, இரண்டாவதில் நிம்மதி. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, கணக்கு முடிந்தது என்ற எண்ணம். பழைய தமிழில் இதற்கு 'விட்டு நீங்குதல்' என்ற பொருளும் உண்டு. "அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல் உற்றுழித் தீர்வார் உறவல்லர்" என்கிறது மூதுரை. குளத்தில் நீர் அற்றுப்போகிறது, பறவை குளத்தைத் தீர்ந்து பறந்துபோகிறது. அதனால்தான் 'தீர்ந்துபோனது' என்று கேட்டவுடன் உங்கள் நண்பருக்கு வெறும் பாத்திரம் கண்ணில் பட்டது.

ஆனால் அந்த வெறுமையைத் தருவதில் பாதி வேலை 'போனது' என்ற துணைவினையுடையது. 'தீர்ந்துவருகிறது' என்று எழுதிப் பாருங்கள். இன்னும் இருக்கிறது, ஆனால் போகும் திசை ஒன்றுதான் என்று அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. தீர்ந்துகொண்டிருக்கிறது, தீரப்போகிறது, தீர்ந்தேவிட்டது என்று எவ்வளவு படிகள்! அளவைத் துணைவினையில் வைப்பது நம் மொழியின் வழக்கம். 'கணிசமான அளவில் குறைவடைந்த' என்று நீட்டி முழக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது நிலத்தடி நீர். இதற்கு 'வற்று' என்பதுதான் இயல்பாக நாவில் வரும். கிணற்று நீரை இறைப்பவர்களிடம் கேட்டால், "அரை மணி நேரம் ஓடும், பிறகு ஊற விட வேண்டும்" என்பார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தால் பாறை இடுக்கில் ஈரம் கசிந்து, அடியில் ஒரு சாண் நீர் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். வற்றுதலும் ஊறுதலும் ஒரு ஜோடி. வற்றியது என்று சொல்லும்போதே, மழை வந்தால் ஊறும் என்ற நம்பிக்கையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பசுவின் மடி வற்றும், மறுபடி சுரக்கும் என்பதும் அதே நம்பிக்கைதான்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் கவனமாக இருக்க வேண்டும். எல்லா நிலத்தடி நீரும் ஊறுவதில்லை. அமெரிக்காவில் எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்திருக்கும் ஓகல்லாலா நீர்த்தேக்கத்தின் தென்பகுதியில் மழை நீர் இறங்கிச் சேர்வது மிக மிகக் குறைவு. அங்கே இறைக்கப்படுவது பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த நீர். அதை 'வற்றிவருகிறது' என்று எழுதினால் இல்லாத நம்பிக்கையை வாசகருக்குக் கொடுத்துவிடுகிறோம். 'தீர்ந்துவருகிறது' என்பதே அதற்கு நேர்மையான சொல். உங்கள் அறிக்கை எந்த வகை நீரைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்துவிட்டு வினையைத் தேர்ந்தெடுங்கள்.

மண்ணுக்கு 'வளம் குன்றிய'. அறுவடையோடு தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வெளியேறுகின்றன. திரும்பப் போடாவிட்டால் மண் இருக்கும், விளைச்சல் இருக்காது. 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற அருமையான தொடர் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் வாசகருக்கு இது புதிதாகவும் இராது. மீனுக்கு 'அருகிய'. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் நூற்றாண்டுகளாகப் பிடித்துவந்த காட் மீனைப் பிடிக்க 1992-இல் அரசு தடை விதித்தது. கடலில் கடைசி மீன் செத்துவிடவில்லை. இனம் பெருகித் தேறிவரும் அளவுக்குக்கூட மீன் மிஞ்சவில்லை. அந்தத் தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஓசோன் படலத்துக்கு 'மெலிந்த' என்று எழுதுங்கள். 'ஓட்டை' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது பேச்சு வசதிக்கான உருவகம். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஒவ்வோர் ஆண்டும் வசந்தகாலத்தில் படலம் மிகவும் மெலிந்துபோவதை 1985-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சூரிய ஒளியால் ஓசோன் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்து மேலே போன சேர்மங்களின் குளோரின், உருவாகும் வேகத்தை மிஞ்சி அதை அழித்தது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்து அச்சேர்மங்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. மெலிந்தது தேறும், தீர்ந்தது எப்படித் தேறும்? மனிதர்கள் கூடிப் பேசிச் சரிசெய்யத் தொடங்கிய ஒன்றை 'தீர்ந்துபோன ஓசோன்' என்று எழுதி முடித்துவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் இதுவரை சொன்ன வினைகள் எல்லாம் தன்வினைகள். வற்றியது, குன்றியது, அருகியது, கரைந்தது. யாரும் எதுவும் செய்யாமல் தானாகவே நடந்ததுபோல் இருக்கிறது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீர் கொண்டுவந்த ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளை 1960-களில் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குப் பெருமளவில் திருப்பியது. இன்று அதன் பெரும்பகுதி உப்புப் படிந்த மணல்வெளி. 'ஏரல் கடல் வற்றியது' என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. 'வற்றவைத்தார்கள்' என்றால்தான் முழுமை. தமிழில் பிறவினைக்கு அதிகம் உழைக்க வேண்டியதில்லை: தீர்ந்தது, தீர்த்தோம், கரைந்தது, கரைத்தோம். மூலத்தில் செய்தவர் யார் என்பது தெளிவாக இருக்கும் இடங்களில் தயவுசெய்து பிறவினையைப் பயன்படுத்துங்கள். பழியை நீர்மேல் போடாதீர்கள்.

வீட்டுச் சொற்களால் தரம் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையாது. 'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்ற பழமொழியில் இருக்கும் அந்த 'மாளும்' என்ற சொல்லை விடவும் துல்லியமாக உங்கள் அறிக்கையின் பொருளைச் சொல்ல எந்தக் கலைச்சொல்லால் முடியும்? வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் மலையளவு இருப்பும் முடிந்துபோகும் என்பதுதானே உங்கள் அறிக்கை முழுவதும்? 'சொல்லி மாளாது', 'செய்து மாளவில்லை' என்று அதே வினையை நாள்தோறும் பேசுகிறோம். 'குறைவாக்கம்', 'வெறுமையாக்கம்' போன்ற ஆக்கங்களை எழுதியவரே இரண்டாம் முறை படிக்கத் தயங்குவார்.

விதிவிலக்கு யுரேனியம். அங்கே கலைச்சொல்தான் வேண்டும், 'தீர்ந்துபோன' என்பது வெறும் நடைப்பிழையாக நிற்காது, தகவல் பிழையே ஆகிவிடும். இயற்கை யுரேனியத்தில், அணு உலைக்கு எரிபொருளாக உதவும் வகையான யுரேனியம்-235 சுமார் 0.7 சதவீதம்தான். செறிவூட்டும்போது, அதாவது அந்த வகையின் பங்கைக் கூட்டும்போது, அதில் பெரும்பங்கைப் பிரித்தெடுத்துவிட, மிஞ்சுவதைத்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். அது முழுக்க யுரேனியமே. மிகுந்த அடர்த்தி காரணமாகக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளில் பயன்படுகிறது. 'தீர்ந்துபோன யுரேனியம்' என்று படிப்பவர், அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் என்று நினைத்துக்கொள்வார். அது வேறு பொருள், அதன் கதிர்வீச்சு இதைவிடப் பல மடங்கு கடுமையானது. 'செறிவு குறைந்த யுரேனியம்' என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். மற்ற இடங்களை நிதானமாகத் திருத்தலாம். இந்தப் பக்கங்களை மட்டும் அச்சுக்கு அனுப்பும் முன் ஓர் அணு இயற்பியல் ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்