ஏடிஎச்டி மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மகன் மதியம் சாப்பிடுவதே இல்லை, எடையும் குறைகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ஏடிஎச்டிக்காக, அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினைக்காக, மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது, 24 கிலோ இருந்தவன் 22.5 ஆகிவிட்டான், டிபன் பாக்ஸ் தொடாமலே திரும்பி வருகிறது, மாமியார் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த விசிட் வரை பொறுக்கவும் வேண்டாம், இந்த வாரமே டாக்டருக்குப் போன் போட்டு எடையைச் சொல்லுங்கள். ஆரம்ப மாதங்களில் கொஞ்சம் இளைப்பது சகஜம்தான். இருந்தாலும் 24 கிலோவில் ஒன்றரை கிலோ என்றால் நூற்றுக்கு ஆறு பங்கு. எட்டு வயதுப் பிள்ளை வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏற வேண்டிய நேரம் இது. நான் டாக்டர் இல்லை. என் மகள் நாலாம் வகுப்பிலிருந்து இதே மருந்தில் இருக்கிறாள், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பையன் அடம்பிடிக்கிறான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கவனத்தைக் கூட்டுவதற்காக இந்த மருந்து மூளையில் டோபமின், நோர்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் இரண்டையும் உயர்த்துகிறது. அதே வேலையில் பசியும் அடங்கிப்போகிறது. இதன் ஒன்றுவிட்ட உறவான ஆம்ஃபெடமினை ஒரு காலத்தில் அமெரிக்காவில் உடம்பு இளைக்கும் மாத்திரையாகவே விற்றார்கள். ஏடிஎச்டிக்குக் கொடுக்கப்படும் லிஸ்டெக்ஸாம்ஃபெடமினை, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்கும் தரலாம் என்று 2015-இல் அங்கே அனுமதித்தார்கள். பசி குறைவது மருந்தின் குணத்திலேயே இருக்கிறது.

சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் போல வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை. காலை எட்டு மணிக்கு அதைப் போட்டால் பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மருந்து உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் அவனோடு மல்லுக்கட்டி என்ன பயன்? மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு, பசி எங்கே இருக்கிறதோ அங்கே சாப்பாட்டைக் கொண்டுபோய் வையுங்கள்.

முதல் இடம், மாத்திரைக்கு முன்னால். எங்கள் வீட்டில் எழுந்தவுடன் டிபன், அது முடிந்த பிறகுதான் மாத்திரை. இதில் உங்கள் டாக்டருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடுவதற்குப் பதில் நெய்யோ நல்லெண்ணெயோ தாராளமாக விட்ட முட்டை தோசை, கூட ஒரு டம்ளர் கெட்டிப் பால். சைவம் என்றால் பன்னீரோ வேர்க்கடலைச் சட்னியோ. அளவைக் கூட்டினால் பிள்ளை ஓடிவிடும், அதே அளவில் சத்தைக் கூட்டுங்கள். சத்துமாவுக் கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சினாலே பெரிய வித்தியாசம்.

இரண்டாவது இடம் சாயங்காலம். மருந்து இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகளுக்குக் காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். அதில் பாதி பசி. காலையிலிருந்து வயிறு காலி என்பது அவர்களுக்கே தெரியாது. என் மகள் ஒருநாள் பென்சில் முனை உடைந்ததற்காகத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ‘என்னடா ஆச்சு’ என்று விசாரிக்காமல் என் மனைவி ஒரு தட்டில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள், நாலாவது வாயில் அழுகை நின்றது, அப்புறம் அவளே போய் வேறு பென்சில் எடுத்தாள். அதிலிருந்து ஸ்கூல் விட்டு வந்தால் வீட்டுப்பாடம் பற்றிய பேச்சே கிடையாது. முதலில் சாப்பாடு, அதுவும் முறுக்கு, பிஸ்கட் இல்லை, முழுச் சாப்பாடு.

ராத்திரிப் பசி இன்னும் நன்றாக இருக்கும். ஏழரைக்கு ஒரு சாப்பாடு, படுப்பதற்கு முன் பாலும் வாழைப்பழமும். உங்கள் மாமியாரை இந்த வேளைக்குப் பொறுப்பாக்கலாம். ‘புள்ளை எலும்பும் தோலுமா ஆயிட்டான்’ என்று புலம்புகிறவரின் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டால் அந்த அக்கறை உபயோகமான திசையில் திரும்பும். என் அம்மா விஷயத்தில் நடந்தது அதுதான்.

டிபன் பாக்ஸில் கொஞ்சமாக வையுங்கள். நாலு கரண்டி தயிர் சாதம், ஒரு எள்ளுருண்டை, ஒரு பாட்டில் மோர், போதும். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, முழுவதையும் முடித்தால்தான் விளையாடப் போகலாம் என்று கட்டாயப்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும். மாதம் ஒருமுறை, அதே தராசு, காலை வெறும் வயிறு, அதே மாதிரி உடை. உயரத்தையும் சேர்த்துக் குறித்து, வயதுக்கேற்ற எடை, உயரக் கோடுகள் போட்ட குரோத் சார்ட்டில் புள்ளி வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நம் நாட்டில் 5 முதல் 18 வயது வரைக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட சார்ட் இருக்கிறது. பிள்ளை தன் கோட்டிலேயே போனால் ஒல்லியாக இருந்தாலும் கவலை குறைவு. கோடு கோடாகக் கீழே இறங்கினால் அது வேறு கதை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் கொடுத்த வழிகாட்டுதலில், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உயரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் கேட்பீர்கள். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து எம்டிஏ என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் மூன்று வருட முடிவுகள் 2007-இல் வந்தன. ஆய்வின்போது மருந்தைத் தொடங்கித் தொடர்ந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 செ.மீ. குட்டையாகவும் 2.7 கிலோ எடை குறைவாகவும் இருந்தார்கள். இல்லவே இல்லை என்று மழுப்புவதைவிட இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த 2 செ.மீ.யை ஒரு தட்டிலும், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி முடிப்பதை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்துத்தான் நாங்கள் தொடர்கிறோம். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம்.

டாக்டரிடம் வழிகள் இருக்கின்றன. டோஸைக் குறைக்கலாம், குறைந்த நேர வகைக்கு மாற்றலாம், கோடை லீவில் இடைவெளி விட்டு வளர்ச்சி ஈடுகட்டுகிறதா என்று பார்க்கலாம். ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான அடோமாக்செட்டினுக்கு மாறினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது முழுப் பலன் தர வாரக்கணக்கில் ஆகும், தினமும் போட வேண்டியது. மற்றவர்கள் சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிற வேலை அதில் செல்லாது. பசி குறைவதும் குமட்டலும் அதிலும் உண்டு.

செய்யக் கூடாதவை இரண்டு. விழுங்க மாட்டேன் என்கிறான் என்று மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்காதீர்கள். நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் ‘பசி எடுக்க ஒரு டானிக்’ என்று கேட்டு வாங்கியும் ஊற்றாதீர்கள். அப்படிக் கொடுக்கிற சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டாடின், அடிப்படையில் அது அலர்ஜி மருந்து, தூக்கக் கலக்கம் கொடுக்கும். டாக்டர்களே சில சமயம் எழுதுவார்கள், அது அவர்கள் பார்த்து எழுதுவது. மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு, விடாத வாந்தி, பிள்ளை சிரிப்பே இல்லாமல் சுருங்கிப்போவது, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேச்சு, இவற்றில் எது வந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

எடை எப்போதும் கீழேதான் போகும் என்றும் இல்லை. கோபமும் அடிதடியும் அதிகம் இருக்கும் சில பிள்ளைகளுக்குக் கூடவே ரிஸ்பெரிடோன் என்ற மருந்தையும் எழுதுவார்கள். அது நேர் எதிர், அகோரப் பசி எடுக்கும், எடை மளமளவென்று ஏறும். அப்படி ஏறினால் ‘அப்பாடா, தேறிவிட்டான்’ என்று எண்ணி விட்டுவிடாமல் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மருந்து எந்தத் தேதியில் சேர்ந்தது என்று எடை எழுதும் நோட்டிலேயே குறித்துவைத்தால், எது எதனால் வந்தது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியும்.