பட்ஜெட் ரிக்கெற்றில் போய் நடுவழியில் நின்றவர்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கு வரவேண்டிய பின்னேர விமானத்தை, நாங்கள் நிலையத்துக்குள் போய் இருந்த பிறகு ரத்துச் செய்தார்கள். தொழில்நுட்பக் கோளாறாம். அடுத்தநாள்தான் ஏற்றினார்கள். பிள்ளைகளோடு இரவு முழுக்க நாற்காலியில். "பட்ஜெட் ரிக்கெற்றுக்குச் சாப்பாடு சேராது" என்றார் கவுண்டரில் இருந்தவர். உண்மையா? (கொக்குவில்)

பதில்: பொய். பறக்கும்போது தரும் சாப்பாடுதான் சேராது. ரத்தான விமானத்துக்காகக் காக்கவைத்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது வேறு கணக்கு. இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் மலிவுக் கம்பனி, பெரிய கம்பனி என்ற பிரிவே இல்லை. மாற்று விமானமோ முழுக் காசோ கேட்கலாம். முன்கூட்டி அறிவிக்காமல் ரத்துச் செய்தால் இழப்பீடும் உண்டு. உங்கள் பயணம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட மணித்தியாலக் கணக்கு. ஆளுக்கு 7,500 இந்திய ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது.

வெள்ளம், கலவரம், இயற்கை அழிவு என்றால் அந்த இழப்பீடு இல்லை. இயந்திரக் கோளாறு அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு வயிறு எரிவது இன்னொன்றில். புயலால் விமானம் தாமதித்தால் சாப்பாடு, தங்குமிடம் கொடுக்கும் கடமையில் இருந்தும் அந்த விதி கம்பனியை விட்டுவிடுகிறது. புயலுக்குக் கம்பனி பொறுப்பில்லை, சரி. குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணி கொடுக்கவும் புயலா தடுக்கிறது? 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்பரப்பு மூடப்பட்டபோது, ஒரு வாரம் சிக்கிய பயணியின் செலவைத் தர ரயன்எயர் மறுத்தது. 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: எரிமலை என்றாலும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கவேண்டும். ரயன்எயரும் மலிவு விலைக் கம்பனிதான்.

இலங்கையும் இந்தியாவும் சர்வதேச விமானப் பயணம் பற்றிய 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தவை. அதன் 19ஆம் பிரிவுப்படி தாமதத்தால் வந்த நட்டத்தைக் கேட்கலாம். தன்னால் இயன்றதெல்லாம் செய்தோம் என்று காட்டவேண்டியது கம்பனி. வழக்குப் போட 2 வருட அவகாசம். சாப்பிட்ட ரசீதுகள் இருக்கின்றனவா? இருந்தால் இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: கட்டுநாயக்கா போகும் வழியில் பஸ் பழுது. விமானம் போய்விட்டது. கம்பனி காசு தருமா? (சாவகச்சேரி)

பதில்: தராது. காலை விமானத்துக்கு முதல்நாள் இரவு பஸ்ஸை நம்பி ஏறச் சொன்னது ஆர்?

கேள்வி: தங்கச்சி பரிஸ் நகரில் இருந்து வளைகுடாக் கம்பனி விமானத்தில் கொழும்புக்கு வந்தாள், ஐந்து மணித்தியாலம் பிந்தி. திரும்பிப் போகும்போதும் அப்படியே. (நல்லூர்)

பதில்: வந்ததற்கு இழப்பீடு கேட்கலாம், போனதற்கு முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து புறப்பட்டால் எந்த நாட்டு விமானத்துக்கும் அவர்களின் 261/2004 விதி பொருந்தும். இந்தத் தூரத்துக்கு 600 யூரோ வரை, காரணம் கம்பனியின் கைக்கு மீறியதாக இல்லாவிட்டால். கொழும்பில் இருந்து புறப்படும்போது ஐரோப்பியக் கம்பனி என்றால் மட்டுமே பொருந்தும்.

கேள்வி: பெட்டியின் சில்லு உடைந்து வந்தது. (மானிப்பாய்)

பதில்: 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடுங்கள். பெட்டியே சொத்தி என்றால் கம்பனி பொறுப்பில்லை. நான் பேரம்பேசி வாங்கின பெட்டிக்கு விமானம் ஏறமுதலே முற்றத்தில் சில்லுக் கழன்றது. அதை ஆரின் தலையில் கட்டுவது?

கேள்வி: சிங்கப்பூர்ச் சுற்றுலாவுக்கு ஏஜென்சியிடம் முழுக்காசும் கட்டினேன். விமானம் ரத்தாம், கம்பனிதான் காசு தரவேண்டுமாம். இப்போது போனும் எடுக்கிறார்கள் இல்லை. வயது 68. (பருத்தித்துறை)

பதில்: அம்மா, உங்களில் ஒரு பிழையும் இல்லை. ரிக்கெற்றில் உள்ள பதிவு இலக்கத்தை விமானக் கம்பனிக்கு அனுப்பி, அந்தப் பெயரில் ரிக்கெற் எடுக்கப்பட்டதா, காசு திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்திருந்தால் ஏஜென்சி அமுக்கிவிட்டது. ரிக்கெற்றே எடுக்கவில்லை என்றால் அது மோசடி, நேரே பொலிஸுக்குப் போங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லுங்கள். வங்கிச் சிட்டையின் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலம் உங்கள் கையில் இருக்கட்டும். வற்ஸ்அப் செய்திகளைப் பேரப்பிள்ளைகள் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.