வாசகர் கேள்விகள்: பேதுரு போட்ட தண்டோரா

கேள்வி: 'பகைவனையும் நேசி, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறுகன்னத்தைக் காட்டு' என்று இயேசு போதித்தார். அதைத்தானே சீடர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பைபிளில் சீடர்களின் தொடக்க நாட்களைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளை, கத்தோலிக்கர்கள் திருத்தூதர் பணிகள் என்பார்களே அதை, ஒருமுறை உட்கார்ந்து வாசித்தால் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிடும். பெந்தெகொஸ்தே என்ற யூதப் பண்டிகை நாளில் எருசலேமில் இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு செய்த முதல் பிரசங்கம் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த மறுகன்னப் போதனை வரும் மலைப்பிரசங்கத்திலிருந்து அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நல்ல சமாரியன் இல்லை, கெட்ட குமாரன் இல்லை, மறுகன்னமும் இல்லை. அவர் சொல்வது இவ்வளவுதான்: நாசரேத்து இயேசுவை உங்களுக்கே தெரியும், அவரை நீங்கள் அக்கிரமக்காரர் கையால் சிலுவையில் அறைந்து கொன்றீர்கள், கடவுள் அவரை எழுப்பிவிட்டார், அதற்கு நாங்கள் சாட்சி, அவரையே ஆண்டவரும் கிறிஸ்துவும் ஆக்கினார், ஆகவே மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள். (அந்த 'நீங்கள்' ஒரு யூதர் தன் சொந்த யூத ஜனத்தைப் பார்த்துச் சொன்னது. பிற்காலத்தில் யூதர் அல்லாதவர்கள் அதைப் பிடுங்கி யூதர்களை அடிக்கும் தடியாக்கிக்கொண்டது பெரிய கொடுமை.)

இப்படி அறிவிப்பதற்குக் கிரேக்கத்தில் கெரிக்மா என்று பெயர். கெரிக்ஸ் என்றால் அரசாங்கச் செய்தியைப் பொது இடத்தில் நின்று கூவிச் சொல்கிறவன், நம்மூர்த் தண்டோராக்காரன் மாதிரி. எப்படி வாழ வேண்டும் என்று அவன் வகுப்பெடுப்பதில்லை. இன்னது நடந்துவிட்டது, கேட்டுக்கொள், அப்புறம் உன் பாடு. போதனை வேண்டாம் என்றில்லை. ஞானஸ்நானம் பெற்று உள்ளே வந்தவர்கள் அப்போஸ்தலரின் போதனையில் நிலைத்திருந்தார்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. வாசலில் செய்தி, வீட்டுக்குள் போதனை.

கேள்வி: அந்தப் பிரசங்கங்களை எழுதியது லூக்கா, அதுவும் பல வருஷம் கழித்து. பேதுரு அப்படித்தான் பேசினார் என்று எப்படி நம்புவது? (கோவை வாசகர்)

பதில்: நியாயமான சந்தேகம். அந்தக் காலத்தில் சரித்திரம் எழுதியவர்கள் பேச்சுகளைத் தாங்களே கோத்து அமைப்பது சகஜம், கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அதை ஒளிக்காமல் சொல்லியே விடுகிறார். நடபடிகள் கி.பி. 80-90 வாக்கில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கணக்கு. சரி, லூக்காவை ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் மனம் மாறி அப்போஸ்தலரான பவுலிடம் போவோம். 54ஆம் ஆண்டை ஒட்டி எபேசு நகரிலிருந்து அவர் கொரிந்தியருக்குக் கடிதம் எழுதுகிறார், இயேசு இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தால் அதிகம். அதன் 15ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகச் சொல்லிவிட்டு வாய்ப்பாடு மாதிரி ஒன்றை ஒப்பிக்கிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்கும் பின்பு பன்னிருவருக்கும் தரிசனமானார். கேபா என்பது பேதுருவின் அரமேயப் பெயர். 'பெற்றேன், ஒப்படைத்தேன்' என்பதும் யூத போதகர்கள் வாய்மொழி மரபைக் கைமாற்றும்போது புழங்கிய சொல். ஆகவே அந்த வாசகம் கடிதத்தைவிடப் பழையது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. பவுலுக்கு ஆளும் தெரியும். மனம் மாறி மூன்று வருஷம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினதையும், இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பார்த்ததையும் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அந்த இருவர் பெயருமே தரிசனம் கண்டவர் பட்டியலில் வருகிறது.

அந்தப் பட்டியலில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறைக்கு முதலில் போனது பெண்கள். பவுல் தரும் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை.

கேள்வி: எல்லா ஊரிலும் ஒரே பிரசங்கம்தானா? (திருச்சி வாசகி)

பதில்: இல்லை, ஆளைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். பிசீதியாவிலிருந்த அந்தியோகியாவில், ஜெப ஆலயத்துக்குள், பவுல் எகிப்திலிருந்து தொடங்கி தாவீது வழியாக இயேசுவிடம் வந்து சேர்கிறார். லீஸ்திராவில் கதையே வேறு. நடக்க முடியாதவன் ஒருவன் பவுல் சொன்னதும் எழுந்து நடக்க, ஜனங்கள் பவுலோடு வந்த பர்னபாவை சூஸ் தெய்வம் என்றும் பவுலை ஹெர்மஸ் என்றும் சொல்லி, பலி கொடுக்கக் காளைகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். வேஷ்டியைக் கிழிக்காத குறை என்போமே, இவர்கள் நிஜமாகவே வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி, நாங்களும் மனுஷர்தான் என்று கத்துகிறார்கள். அங்கே வேதவசனம் எதுவும் இல்லை. மழை, விளைச்சல், சாப்பாடு இவற்றைத் தருகிற கடவுள் என்ற பேச்சுதான். அத்தேனேயில், 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதியிருந்த பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டு, கிரேக்கக் கவிஞர் வரியையே மேற்கோள் காட்டுகிறார். இயேசுவின் பெயரைக்கூட அந்தப் பேச்சில் அவர் எடுக்கவில்லை. ஆனால் மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு மனிதர் என்பதை மட்டும் விடவில்லை. அதைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். அதற்கு முன் சந்தைவெளியிலேயே குழப்பம்: இயேசு ஒரு தெய்வம், அனஸ்தாசிஸ் இன்னொரு தெய்வம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள் என்று பழைய உரைகாரர்கள் சொல்வதுண்டு. அனஸ்தாசிஸ் என்றால் உயிர்த்தெழுதல்!

கேள்வி: சிலுவையை ஏன் மறைக்கவில்லை? (சேலம் வாசகர்)

பதில்: மறைத்திருந்தால் வசதிதான். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன் என்கிறது பழைய ஏற்பாட்டின் உபாகமம் 21ஆம் அதிகாரம். ரோமருக்கோ அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கிற தண்டனை. அப்படியும் பேதுரு 'மரத்திலே தூக்கி' என்ற சொல்லையே வேண்டுமென்று எடுத்துப் பேசுகிறார். இதை வெளியாட்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ரோமில் பாலட்டைன் குன்றில் 1857இல் கண்டெடுத்த ஒரு சுவர்க் கிறுக்கல் போதும், சுமார் 200ஆம் ஆண்டுக் காலத்தது என்கிறார்கள். சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு மனிதன், கீழே கையை உயர்த்தி நிற்கும் ஒரு பையன், பக்கத்தில் கோணல்மாணலான கிரேக்க எழுத்தில்: 'அலெக்சமெனோஸ் கடவுளைக் கும்பிடுகிறான்.'