ஒப்புப் போடும் முன்: வாசகர் கேள்வி, ஆதாரம் எழுத்தர் பதில்

(பதில் சொல்பவர் குழித்துறைப் பக்கம் ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் தலை நரைக்கும்வரை ஆதாரம், அதாவது பத்திரம், எழுதியவர்.)

அண்ணாச்சி, அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. உயில் கிடையாது. அம்மா இருக்கிறார். இரண்டு அண்ணன்மார், நான் ஒரே பெண். ரப்பர் தோட்டமும் வீடும் அவர்கள் பேருக்கு வர, விடுதலை ஆதாரத்தில் ஒப்பு (கையெழுத்து) போடச் சொல்கிறார்கள். 'உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே' என்கிறார்கள். நான் யோசித்ததும் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்று வசனம் காட்டிவிட்டுப் போனார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கருங்கல்

ஒப்புப் போடாதீங்க அம்மா. மீதியை அப்புறம் பேசலாம்.

விடுதலை ஆதாரம் நான் எழுதியதற்குக் கணக்கில்லை. வாசகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'எனக்குச் சேர வேண்டிய ஸ்திரீதன வகையறா பூராவும் முன்னமே கைப்பற்றிக்கொண்டபடியால், மேற்படி சொத்தில் எனக்குள்ள அவகாசத்தை மனப்பூர்வமாக விடுதலை செய்து...' இதை நாங்கள் ஒரே மூச்சில் வாசிப்போம். பெண் தலையாட்டும். அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றி, தயாராக நீட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே போய் விரல் பதித்து வெளியே வந்ததும் எதிர்க் கடையில் தங்கச்சிக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும். சில அண்ணன்மார் பஸ் டிக்கெட்டுக்கும் காசு கொடுப்பார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் மதபேதமே கிடையாது. இந்துவும் இப்படித்தான் எழுதி வாங்கினார், கிறிஸ்தவரும் அப்படியே. முஸ்லிம் வீட்டில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று வேதத்திலேயே பங்கு சொல்லியிருக்கிறது. அந்த ஒன்றையும் விடுதலை எழுதி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளை எப்படி உடுத்த வேண்டும், யாரோடு பேசக் கூடாது என்று மணிக்கணக்கில் பிரசங்கம் செய்கிறவர்கள், அவள் பங்கை அண்ணன் எடுத்துக்கொள்வது பாவமா என்று ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? உங்கள் விஷயத்தில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். சொத்தை ஒன்பது பங்காகப் போட்டால் அம்மாவுக்கு மூன்று, பிள்ளைகள் மூவருக்கும் இரண்டிரண்டு. ஆணென்றும் பெண்ணென்றும் அதில் பேச்சே இல்லை.

ஆனால் நம் ஊர் திருவிதாங்கூராக இருந்தது அல்லவா? இங்கே கொல்லம் ஆண்டு 1092இல், அதாவது 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம்தான் ரொம்ப காலம் பேசப்பட்டது. அதன்படி மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, தருகிறேன் என்று சொல்லியிருந்தாலோகூட அதுவும் கிடையாது. விதவைக்கு அவள் சாகும்வரை அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போச்சு. கோட்டயத்து மேரி ராய் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1986 பிப்ரவரியில் இதை உடைத்தார். 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது என்று தீர்ப்பு. உடனே கேரளத்தில் சபைகள் என்ன செய்தன தெரியுமா? பெண்மக்களுக்குப் பங்கு போகாதபடி உயில் எழுதி வையுங்கள் என்று அப்பன்மாருக்கு யோசனை சொல்லக் கிளம்பின. சமத்துவத்தைப் பற்றிய பிரசங்கம் அதே ஞாயிற்றுக்கிழமையும் நடந்திருக்கும்.

நகை போட்ட கதைக்கு வருகிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. குற்றமான ஒன்றைக் கொடுத்ததாகத் தாங்களே சொல்லிக்கொண்டு, அதைக் காட்டி நியாயமான பங்கை மறுக்கிறார்கள். எந்த வக்கீலும் இதைக் கோர்ட்டில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். வீட்டுத் திண்ணையில் மட்டும் கூசாமல் சொல்கிறார்கள்.

கமிட்டிக்காரர் காட்டியது 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரமாக இருக்கும். எண்ணாகமம் 27ஐத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பன் சொத்தில் பங்கு கேட்டு மோசேயிடம் வந்து நின்ற செலோப்பியாத்தின் மகள்மார் கதை அங்கே இருக்கிறது. அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் இந்த வசனச் சண்டையில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. உங்கள் பங்கு வசனத்திலிருந்து வரவில்லை, ஆகவே வசனத்தால் போகவும் போகாது.

செய்ய வேண்டியது: வாரிசுச் சான்றிதழுக்கு நீங்களே மனுப் போடுங்கள், உங்கள் பெயர் அதில் விட்டுப்போகாமல் பாருங்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அப்பா காலத்திலேயே ஏதாவது எழுதி மாற்றியிருக்கிறார்களா என்று தெரியும். கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் உண்டு. அண்ணன்மாரோடு பேசிப் பணமாக வாங்கிக்கொண்டு விடுவதும் தப்பில்லை. ஆனால் முதலில் பணம், பிறகு ஒப்பு. போட்டபிறகு 'தெரியாமல் போட்டேன்' என்று கோர்ட்டில் நிற்பது பெரும்பாடு.

மதம் இல்லாவிட்டால் ஒழுக்கம் எங்கிருந்து வரும் ஐயா? நம் பெண்கள் மார்பை மறைக்க மேல்சீலை போட்டதே மிஷனரிகளால்தானே?
– ஆசிரியர் (ஓய்வு), பாறசாலை

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சுசீந்திரம். அந்தக் கோயிலில் கைமுக்கு என்று ஒன்று நடந்தது. பெண் விஷயத்தில் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கட்டுப்போட்டு, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி. நெய்க்கு யார் யோக்கியன் என்று தெரியும் என்பது அன்றைய மத நம்பிக்கை. திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் காலத்தில் அது ஒழிந்தது. கூட இருந்த சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு நெய் விசாரணைகூடக் கிடையாது, சாதிவிலக்குதான்.

மேல்சீலை விஷயத்தில் மிஷனரிகள் துணை நின்றது உண்மை, அதை நான் குறைக்க மாட்டேன். ஆங்கிலேய ரெசிடெண்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவரானால் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் போடக் கூடாது என்று தடுத்தவர்கள் காட்டியதும் மதம்தானே சார்? இரண்டு பக்கமும் சாமி பேசிக்கொண்டிருந்தபோது, சந்தையில் சீலை கிழிக்கப்பட்டு அடிபட்டவர்கள் அந்தப் பெண்கள். மறுநாளும் உடுத்திக்கொண்டு வந்தார்கள். 1859இல் ராஜா விளம்பரம் போட்டார், அதுவும் மெட்ராஸ் கவர்னர் நெருக்கிய பிறகு. அதிலும், உடுத்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்று ஒரு வால். அடிமை முறையை 1855இல் ஒழித்த கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

அய்யா வைகுண்டரை இதில் தனியாக வைக்க வேண்டும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார், எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு வைத்தார், அதற்கு ராஜாவின் சிறையும் அனுபவித்தார். அவரும் மதத்தின் பாஷையில்தான் பேசினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். இருக்கிற மதம் அவரை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சபரிமலை ஆசாரத்தில் கோர்ட் தலையிட்டது சரியா? விரதம் இருக்கிறவனுக்குத்தானே தெரியும் அதன் அருமை?
– குருசாமி, குலசேகரம்

சாமி, 2018 செப்டம்பர் 28 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் ஒரு பக்கம். உங்கள் கட்சியைப் பேசியவர் ஒருவர்தான், அவர் பெண், இந்து மல்ஹோத்ரா. மதத்தின் உள்விஷயம் நியாயமா என்று கோர்ட் அளக்கக் கூடாது என்றார். லேசான வாதம் இல்லை அது. எனக்கு அதில் ஒட்ட முடியாததற்குக் காரணம் நம் ஊர்ச் சரித்திரம். 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது கோயிலுக்குள் நுழையக்கூட இல்லை, சுற்றியிருக்கும் தெருவில் நடக்க. அன்றும் ஆசாரம் என்றுதான் சொன்னார்கள், தந்திரி சொல்வதே முடிவு என்றுதான் சொன்னார்கள். 1936 நவம்பர் 12இல் ராஜா சித்திரைத் திருநாள் ஒரு விளம்பரத்தில் கதவைத் திறந்துவிட்டார். சாமி கோபித்துக்கொண்டு கிளம்பியதாகத் தகவல் இல்லை.

பத்து வயசுக்கும் ஐம்பது வயசுக்கும் இடைப்பட்ட பெண்கள் போகவே கூடாது என்பது கேரள ஹைகோர்ட்டின் 1991 தீர்ப்பில்தான் கறாரானது. அதற்கு முன் பிள்ளைக்குச் சோறூணு, அதாவது முதல் சோறு, கொடுக்க இளம்பெண்கள் போயிருக்கிறார்கள். அந்த வழக்கிலேயே அது பேசப்பட்டிருக்கிறது. ஆக கோர்ட் தலையிடக் கூடாது என்கிற நீங்கள், கோர்ட் போட்ட பூட்டைத்தான் காப்பாற்றுகிறீர்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு இருமுடி கட்டிப் போகிறார்களே பெண்கள், அந்தத் தலையில் ஏறுகிற இருமுடி இந்த மலையில் ஏறினால் என்ன என்று உங்கள் வீட்டு அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விரதகாலத்தில் காலை நாலு மணிக்கு உங்களுக்கு வெந்நீர் போடுகிறவர் அவர்தானே.

மகள் இந்துப் பையனை விரும்புகிறாள். எங்களுக்குச் சம்மதம். சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டோம், குடும்பத்துக்குக் கல்லறையில் இடமும் கிடையாது என்கிறார்கள். மதம் மாறாமல் கல்யாணம் நடத்த முடியுமா?
– ஒரு தகப்பன், மார்த்தாண்டம்

முடியும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் உங்களுக்குப் பொருந்தாது, அது இருவரும் இந்துவாக இருந்தால்தான். இருவரில் ஒருவர் முப்பது நாளாவது குடியிருக்கும் பகுதியின் ஆபீசில் நோட்டீஸ் கொடுங்கள். முப்பது நாள் கழித்து மூன்று சாட்சியோடு போனால் முடிந்தது.

அந்த முப்பது நாள்தான் தொல்லை. இருவர் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதிய காகிதம் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும். அதைப் படிப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. எங்கள் மேசையருகில் நின்று சாயா குடித்துக்கொண்டே போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள், மாலைக்குள் இரண்டு மதத்துக்காரர்களும் தனித்தனியே பெண் வீட்டு வாசலில் நிற்பார்கள். மற்ற நாளில் ஒருவரையொருவர் பார்த்தால் முறைத்துக்கொள்கிறவர்கள், இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஒரே சொல். நீங்கள் கூட இருப்பதால் பயமில்லை. வீட்டில் எதிர்ப்பு உள்ள பிள்ளைகள் பாடுதான் பாவம்.

கல்லறையைக் காட்டி மிரட்டுவது பழைய வித்தை. சபைக்கு ஆகாதவர்களைப் புதைக்கக் கேரளத்தில் தெம்மாடிக்குழி என்று ஒரு மூலையே ஒதுக்கி வைத்தார்கள். எழுத்தாளர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் உண்டாக்கிய எம்.பி. பால் 1952இல் இறந்தபோது திருவனந்தபுரத்தில் அவருக்குக் கிடைத்த இடம் அதுதான். போகட்டும், ஒரே விசுவாசம் உள்ளவர்களுக்காவது நிம்மதி உண்டா? ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகளின் சண்டையில் பிணத்தை அடக்க விடாமல் மறித்து, கடைசியில் அடக்க உரிமைக்காகக் கேரள அரசு 2020இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. உங்களுக்குப் பஞ்சாயத்து மயானம் இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. உடலைத் தானமாக எழுதி வைத்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகும். நான் அப்படித்தான் செய்யப்போகிறேன். மகள் கல்யாணத்தை நடத்துங்கள்.

கோயில், சபை, பள்ளிவாசல் மூன்றுக்கும் நடுவில் வீடு. மூன்றிலும் குழாய் ஸ்பீக்கர். பிள்ளைக்குப் பரீட்சை.
– தக்கலை

இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45, அதற்கு மேல் போகக் கூடாது. 2000ஆம் ஆண்டு விதி இது. அதே ஆண்டு சென்னைச் சபை ஒன்றின் வழக்கில், ஒலிபெருக்கி வைத்துக் கும்பிட எந்த மதமும் சொல்லவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. புகார் எழுதும்போது மூன்றின் பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் நீங்கள் மற்ற இருவரின் ஆளாகிவிடுவீர்கள்.

கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது நியாயமா?
– வடசேரி

எனக்குத் தொந்தி இருப்பதால் நியாயமாகப் பதில் சொல்ல முடியாது. நாராயண குருவின் சிவகிரி மடத்துத் தலைவரே 2024 டிசம்பரில் இது போக வேண்டும் என்று சொல்லி, பினராயி விஜயனும் ஆமோதித்தார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் பக்கத்துக் கோயில்களில் இன்னும் அசைவில்லை.

எல்லா மதத்தையும் இப்படித் திட்டுகிறீர்களே, நீங்கள் சபைக்கோ கோயிலுக்கோ போவதே இல்லையா?
– களியக்காவிளை

சபை விருந்தான அசனத்துக்குப் போவேன், கோயில் கொடைக்கும் போவேன், பக்கத்துப் பள்ளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தால் தூக்குவாளியோடு நிற்பேன். சபை அசனத்தில் அந்த ஆட்டுக்கறிக் குழம்பை எங்கள் ஊரில் வைப்பதுபோல வேறெங்கும் வைப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மறுவாரமே இதே பக்கத்தில் அவர்களைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். கமிட்டிச் செயலாளர் போனில் அரை மணி நேரம் சத்தம் போட்டார். அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள்.