போனுக்குள் வைரஸ் எந்த வழியாக வருகிறது? மலையக வாசகர்களின் கேள்விகள்

"நிவாரணப் பணம் வந்திருக்கு" என்று வட்ஸ்அப்பில் வந்த செயலியை அம்மா போட்டுவிட்டார். இப்ப போன் தானாகவே திறக்குது, மூடுது. என்ன செய்ய? (தலவாக்கலை)

முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மஸ்கெலியா அக்கா ஒருவர் இதே நிலையில் போனை என்னிடம் கொண்டுவந்தார். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி பகுதியில் பெயரே இல்லாத ஒன்று ஆனில் இருந்தது. பார்வை குறைந்தவர்களுக்காக வைத்த வசதி அது. அந்த அனுமதி கிடைத்த செயலி திரையைப் படிக்கும், நமக்குப் பதிலாகத் தட்டும், வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய எண்ணான ஓடிபியையும் எடுத்துக்கொள்ளும். நிறுத்தப் போனால் திரை பின்னுக்கு ஓடியது. நாம் போட்ட செயலிகள் ஓடாத சேஃப் மோடில் போட்டு, போனைக் கட்டுப்படுத்தும் அனுமதி பெற்ற செயலிகளைக் காட்டும் டிவைஸ் அட்மின் பட்டியலிலும் டிக்கை எடுத்த பிறகுதான் அழிக்க முடிந்தது. அதற்குள் அவர் கணக்கில் இருந்த சம்பளம் போய்விட்டது. அம்மாவைத் தயவுசெய்து திட்டாதீர்கள். பயந்தால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லமாட்டார். கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி எண்ணுக்கும் அறிவியுங்கள்.

அன்ட்ரொய்டா, ஐபோனா, எதில் ஆபத்துக் குறைவு? (ஹட்டன்)

ஐபோனில்தான். நம் நாட்டில் சாதாரணமாக அப்பிளின் கடை வழியாகத்தான் அதில் செயலி ஏறும். அன்ட்ரொய்டில் கடைக்கு வெளியேயும் செயலியைப் போடக்கூடிய ஏபிகே கோப்பை யாரும் அனுப்பிவிடலாம். ஆனாலும் 2015இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீய நிரல் அப்பிளின் கடைக்குள்ளேயே புகுந்தது. 2021இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள், எதையும் தட்டாமலே ஐபோனின் செய்திச் செயலியான ஐமெசேஜ் வழியாக நுழைந்தது அம்பலமானது. அது பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள் போன்றவர்களைக் குறிவைப்பது. அவர்களுக்காகவே ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16இல், சில வசதிகளை நிறுத்தித் தாக்கும் வழிகளைக் குறைக்கும் லொக்டவுன் மோட் வந்தது. நம்மை ஏமாற்றுகிறவன் போனில் பேசியே ஓடிபியைக் கேட்பான். அதைச் சொல்லிவிட்டால் எந்தப் போனாக இருந்தும் பயனில்லை.

பழைய ஐபோன் 6எஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (பண்டாரவளை)

வங்கி வேலைக்கு வேண்டாம். 2015இல் வந்த போன் அது. 2022இல் வந்த ஐஓஎஸ் 16கூட அதில் ஏறாது. அந்தக் காசுக்கு அன்ட்ரொய்ட் பார்த்தால், செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்பு) எந்த மாதத்தது என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். பிக்சல் 8, கலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு 7 வருட அப்டேட் உண்டு. மலிவான போன்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவு காலம் வராது.

அன்டிவைரஸ் போட வேண்டுமா? (பதுளை)

ஐபோனுக்குத் தேவையில்லை. அன்ட்ரொய்டில் செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்ட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். "உங்கள் போனில் 5 வைரஸ்" என்று பாய்ந்து வருவது விளம்பரம். தொடாமல் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள்.